சிறுநீரகத்தோடு கணையமும்

முதல் வகை நீரிழிவு நீண்ட காலம் நீடித்துச் சிறுநீரகங்கள் செயலிழந்த ஒருவருக்குச் சிறுநீரகத்தை மட்டும் மாற்றிப் பொருத்தினால் டயாலிசிஸிலிருந்து விடுதலை கிடைக்குமே தவிர, பழைய சிறுநீரகங்களை அழித்த சர்க்கரை உடலிலேயே தங்கி, காலப்போக்கில் புதியதையும் சிதைக்கத் தொடங்கும். மூளைச்சாவடைந்த ஒரே கொடையாளரின் கணையத்தையும் உடன் பொருத்துவது, விளைவோடு மூலத்தையும் சேர்த்துக் களையும் முயற்சியாகும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெல்லியும் ரிச்சர்டு லில்லிஹையும் 1966 டிசம்பரில் இவ்விரு உறுப்புகளையும் முதன்முறையாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். அவருக்குச் சில நாட்கள் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை எனினும், சில மாதங்களுக்குள் அவர் உயிரிழந்தார்.

தடை கணையத்தின் அமைப்பிலேயே இருந்தது. இன்சுலினைச் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் அவ்வுறுப்பில் நூற்றுக்கு ஓரிரு பங்கே. எஞ்சிய பெரும்பகுதி, நோயாளிக்குத் தேவைப்படாத செரிமான நீரைச் சுரப்பது. அந்நீருக்கு வடிகாலாக 1980களில் சிறுநீர்ப்பை பயன்பட்டபோது, உடலின் காரச்சத்தாகிய பைகார்பனேட் சிறுநீரோடு வெளியேறி இரத்தத்தின் அமிலத்தன்மை கூடியதால், இன்று பெரும்பாலும் கொடையாளரின் முன்சிறுகுடல் துண்டோடு கணையத்தை எடுத்து, நோயாளியின் சிறுகுடலில் இணைக்கின்றனர். வழக்கமாகப் புதிய கணையம் அடிவயிற்றின் வலப்புறத்திலும் சிறுநீரகம் இடப்புறத்திலும் அமர, பழைய உறுப்புகள் அகற்றப்படாமல் அப்படியே விடப்படுகின்றன. இரத்தக்குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வதே தொடக்க நாட்களில் கணையத்தை இழக்கச் செய்யும் முதன்மையான ஆபத்து.

இரு உறுப்புகளையும் சேர்த்துப் பொருத்துவதன் பெரும் நன்மை ஒன்று போதிய அளவு பேசப்படுவதில்லை. உடல் கணையத்தை அயற்பொருளாகக் கருதித் தாக்கும்போது, சர்க்கரை உயர்ந்து அது வெளிப்படுவதற்குள் பெரும் சேதம் நேர்ந்துவிடக்கூடும். ஆனால் இரு உறுப்புகளும் ஒரே கொடையாளருடையவை என்பதால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் உயர்வது பல வேளைகளில் இரண்டுக்குமான முன்னெச்சரிக்கையாகிறது.

நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் தொற்றுக்கும் சில புற்றுநோய்களுக்கும் வழிவிடுவதால், சிறுநீரகம் நலமாக உள்ளவருக்குக் கணையத்தை மட்டும் பொருத்துவது, இன்சுலின் சிகிச்சையில் திரும்பத் திரும்ப நேரும் கடும் சர்க்கரைத் தாழ்வு போன்ற நிலைகளிலேயே நியாயமாகும். சிறுநீரகம் பெறுபவரோ எப்படியும் அம்மருந்துகளை உட்கொண்டாக வேண்டும் என்பதால், கணையத்திற்காக அவர் கூடுதலாக ஏற்பது பெரும்பாலும் அறுவையின் ஆபத்தை மட்டுமே. அந்த ஆபத்தும் சிறியதன்று. வலியே காட்டாத இதய நோய் நீரிழிவாளரிடம் மறைந்திருக்கக்கூடும் என்பதால், இதயப் பரிசோதனையில் தளர்வு காட்டவே கூடாது. தகுந்த உறவினர் சிறுநீரகம் தர முன்வருமிடத்து, இரண்டும் ஒருசேரக் கிடைக்கட்டும் என்று டயாலிசிஸில் ஆண்டுகளைக் கழிப்பதைவிட, அதை முதலில் ஏற்றுக் கணையத்தைப் பின்னர் பொருத்திக்கொள்வதே பலருக்கும் மேலான வழியாகும்.