நகையும் நலமும்: பல் மருத்துவம் குறித்த சில ஐயங்கள்

தமிழில் ‘நகை’ என்னும் ஒரு சொல் சிரிப்பையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். பொன்னணி பூணாதவர்க்கும் இயற்கை அளித்த அணி பல் என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது.

பல் உணவை அரைக்கும் கருவி மட்டுமன்று, மொழியின் கருவியுமாகும். தகர நகர ஒலிகள் பிறக்க நா பல்லின் அடியைப் பொருந்த வேண்டும் என்பதையும், வகரம் பிறக்கப் பல்லும் இதழும் இயைய வேண்டும் என்பதையும் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். திருக்குர்ஆனை ஓதும் தஜ்வீத் கலையிலும் ‘ஃபா’ என்னும் எழுத்து, மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டைத் தொடுவதால் பிறப்பதாகக் கற்பிக்கப்படுகிறது. ‘பல் போனால் சொல் போச்சு’ என்ற பழமொழி எத்துணை உண்மை என்பதை முன்பல் இழந்தவர் நன்கறிவர்.

இத்துணைச் சிறப்புடைய பல்லைக் குறித்து மக்கள் மருத்துவரிடம் கேட்கும் வினாக்களை இரு வகையாகப் பகுக்கலாம். ஒன்று அச்சத்தால் எழுவது; மற்றொன்று அழகு வேட்கையால் எழுவது. அச்சம் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடச் செய்கிறது. அழகு வேட்கையோ சில வேளைகளில் தேவையற்ற சிகிச்சையைத் தேடிச் செல்லத் தூண்டுகிறது. இரண்டிலும் இழப்பு பல்லுக்கே. ஆகவே அவ்வினாக்களுள் இன்றியமையாத சிலவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வலி இல்லாதபோது மருத்துவரிடம் செல்வது ஏன்?

இவ்வினாவிற்கு விடை பல்லின் அமைப்பிலேயே உள்ளது. பல்லின் மேலுறையாகிய எனாமல், உடலிலுள்ள பொருள்கள் அனைத்தினும் கடினமானது. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமப் பொருளே. அதனுள் உயிரணுக்கள் இல்லை, நரம்பும் இல்லை. எனவே எனாமலில் சொத்தை தோன்றும்போது வலி தோன்றுவதில்லை. சொத்தை அதனைக் கடந்து, உள்ளடுக்காகிய தந்தினியை ஊடுருவி, நரம்பும் குருதிக்குழாயும் நிறைந்த பற்கூழை நெருங்கும்போதுதான் வலி பெரிதாகிறது. வலி வந்தபின் செல்வோம் என்பது, கூரை முழுவதும் எரிந்தபின் நீர் தேடுவது போன்றதாகும்.

உயிரணுக்கள் இல்லாமையால் எனாமலுக்கு மற்றொரு குறையும் உண்டு. உடைந்த எலும்பு கூடும். அறுபட்ட தோல் ஆறும். குழி விழுந்த எனாமல் மீண்டும் வளராது. தொடக்க நிலையில் கனிமம் சிறிது கரைந்து வெண்புள்ளியாகத் தோன்றும்போது மட்டும், உமிழ்நீரும் புளூரைடும் அதனை ஓரளவு சீராக்க வல்லவை. குழி விழுந்தபின் அடைப்பதே வழி. இவ்வுண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டால் பின்வரும் வினாக்களுக்கெல்லாம் விடை எளிதில் விளங்கும்.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடுமா?

நம் ஊர்களில் படித்தவரும் கேட்கும் வினா இது. மேற்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. பார்வைக்குரிய நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை மங்குவதில்லை. நாற்பது வயதையொட்டிப் பார்வை குறையத் தொடங்கும் காலமும், பல் எடுக்க நேரும் காலமும் பலருக்கு ஒன்றாக அமைவதால் இவ்வெண்ணம் வேரூன்றியிருக்கக்கூடும்.

முறையான பயிற்சி பெற்ற பல் மருத்துவர்கள் அரிதாயிருந்த காலத்தில், தூய்மையற்ற கருவிகளால் பல் பிடுங்கப்பட்டுத் துன்புற்றோர் பலர். அந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று தாயகம் திரும்பிய அப்பெருமகனார், 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1964-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. இன்று மரப்பூசியின் துணையால் வலியின்றிப் பல் எடுக்க இயல்கிறது. நீரிழிவு, இதயநோய், குருதிக்கொதிப்பு உடையோரும், குருதி உறையாமல் தடுக்கும் மருந்து உண்போரும், கருவுற்ற மகளிரும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுதல் இன்றியமையாதது. உண்டுவரும் மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் தவறு.

பிடுங்குவதா? வேர் சிகிச்சை செய்வதா?

சொத்தை பற்கூழை எட்டியபின் இரு வழிகளே எஞ்சுகின்றன. கெட்டுப்போன கூழை அகற்றி, வேர்க்குழாய்களைத் தூய்மை செய்து அடைப்பது ஒன்று. பல்லையே எடுத்துவிடுவது மற்றொன்று. முன்னதற்கு நேரமும் பொருளும் மிகுதியாக வேண்டும். எனவே ‘பிடுங்கிவிடுங்கள்’ என்று கூறுவோர் பலர்.

ஆயின் பிடுங்குவதோடு செலவு முடிவதில்லை. ஒரு கடைவாய்ப்பல் நீங்கினால், காலப்போக்கில் பக்கத்துப் பல் அவ்விடைவெளியை நோக்கிச் சாயலாம். எதிர்த்தாடைப் பல் நீண்டு இறங்கலாம். மெல்லுதல் ஒரு பக்கமாகும். அவ்விடத்தை நிரப்பக் கழற்றி மாட்டும் பல்லோ, பாலம் போன்ற நிலைப்பல்லோ, தாடையெலும்பில் பொருத்தும் டைட்டானியத் திருகின் மேல் அமையும் பல்லோ வேண்டும். இவற்றுள் இறுதியானது, டைட்டானியத்துடன் எலும்பு இறுகப் பிணைவதை 1952-இல் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் பிரானமார்க்கின் ஆய்வால் விளைந்தது. 1965-இல் அவர் முதன்முறையாக அதனை நோயாளிக்குப் பொருத்தினார். இத்துணை முன்னேறியும், சொந்தப் பல்லுக்கு முற்றிலும் ஈடான செயற்கைப்பல் இன்னும் பிறக்கவில்லை. காப்பாற்ற இயலும் பல்லைக் காப்பாற்றுவதே அறிவுடைமை. காப்பாற்ற இயலாத அளவு சிதைந்த பல்லை எடுப்பதில் தவறில்லை. பொருள் வசதி குறைந்தோர், சென்னையில் 1953 முதல் இயங்கிவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரியையும், ஆங்காங்குள்ள அரசு மருத்துவமனைகளையும் நாடலாம்.

கருவி கொண்டு சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

பல்லின் மீது படியும் மென்படலம் நாளடைவில் கடினமாகிக் காரையாக இறுகுகிறது. இது தூரிகையால் நீங்காது. ஈற்றைப் புண்ணாக்கி, பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கும் நோய்க்கு இது துணையாகிறது. நெடுநாள் படிந்த காரை ஆடும் பற்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் உண்டு. அதனை அகற்றியபின், முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. மக்கள் காரணத்தை மாற்றிக் கருதுகின்றனர். முறையாகச் செய்யும் சுத்திகரிப்பால் பல் ஆடுவதில்லை. சில நாள் கூச்சம் இருக்கும், பின்பு தணியும்.

இஃது இன்று தோன்றிய முறையுமன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவ மேதை அல்-ஸஹ்ராவி, ‘அத்-தஸ்ரீஃப்’ என்னும் தம் பெருநூலில், பற்காரையைச் சுரண்டுவதற்கென வெவ்வேறு வடிவக் கருவிகளைப் படத்துடன் விளக்கியுள்ளார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும் அவர் கூறியுள்ளார்.

பல்லைப் பளிச்சென வெண்மையாக்கலாமா?

பால்போன்ற வெண்மையே பல்லின் இயல்பு நிறம் என்பது விளம்பரங்கள் பரப்பிய எண்ணம். எனாமல் ஒளி ஊடுருவும் தன்மையது. அதன்கீழுள்ள தந்தினி இளமஞ்சள் நிறமுடையது. ஆகவே சற்றே மஞ்சள் சார்ந்த பல் நோயுற்ற பல்லன்று. முதுமையில் எனாமல் தேயத் தேய மஞ்சள் நிறம் மிகுவதும் இயல்பே.

கறை எதனால் வந்தது என்று அறிந்தபின்னரே மருந்து தேட வேண்டும். தேநீர், புகையிலை, வெற்றிலைபாக்கு ஆகியவற்றால் படிந்த புறக்கறை சுத்திகரிப்பால் நீங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலர் பற்களில் காணப்படும் பழுப்புக் கறை, நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதன் விளைவாகும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் படியும் இக்கறை, எத்துணைத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்ததன் நோக்கங்களுள் இக்கேட்டைத் தடுப்பதும் ஒன்று.

பெராக்சைடு கலந்த மருந்தால் பல்லை வெளுக்கச் செய்யும் முறை உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் செய்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆயினும் கூச்சம் சில நாள் தோன்றலாம். வெண்மை நிலைத்தும் நில்லாது. அடைத்த பல்லும் உறையிட்ட பல்லும் நிறம் மாறா. செங்கற்பொடி, சாம்பல், கரித்தூள், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றால் தேய்ப்போர் வெண்மையை நாடி எனாமலையே இழக்கின்றனர். எனாமல் தேய்ந்தால் தந்தினி வெளிப்பட்டுப் பல் முன்னினும் மஞ்சளாகும் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

அழகுக்காகப் பல்லை மாற்றுதல் தகுமா?

மருத்துவமும் மார்க்கமும் சந்திக்கும் வினா இது. அழகுக்காகப் பற்களுக்கிடையே அராவி இடைவெளி உண்டாக்கி, இறைவனின் படைப்பை மாற்றுவோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழி வந்த செய்தி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ளது. மறுபுறம், போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, பொன்னால் மூக்குச் செய்துகொள்ள அண்ணலார் அனுமதித்த செய்தியும் அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் உண்டு. ஆடவர்க்குப் பொன்னணி தடுக்கப்பட்டிருந்தும் இவ்வனுமதி கிடைத்தமையால், தேவை நேர்ந்தால் பல்லைப் பொன்னால் பிணைப்பதும் ஆகும் என மார்க்கச் சட்ட அறிஞர் கூறினர். குறையை நீக்குவது வேறு. நிறைவாயிருப்பதை ஆடம்பரத்திற்காக அழிப்பது வேறு.

மருத்துவ நோக்கிலும் இப்பகுப்பு பொருந்துவதே. தெற்றுப்பல்லால் மெல்ல இயலாதவர், உதடு மூட இயலாதவர், ஏளனத்திற்கஞ்சி வாய்விட்டுச் சிரிக்காதவர் ஆகியோர்க்குக் கம்பி கட்டிப் பல் வரிசையைச் சீராக்குவது குறை நீக்கமே. வளரும் பருவம் அதற்கேற்றது. ஈறும் எலும்பும் நலமாயிருப்பின் வளர்ந்தவர்க்கும் இயலும். கம்பியை நீக்கியபின் மருத்துவர் தரும் தாங்கியை அணியாவிடின் பற்கள் பழைய இடம் நாடும். ஆயின், நலமான முன்பற்களின் மேற்பரப்பைச் செதுக்கி மெல்லிய பீங்கான் தகடு ஒட்டுவது அத்தகையதன்று. செதுக்கிய எனாமல் திரும்பாது. தகடு பழுதுறும்போதெல்லாம் மாற்றியாக வேண்டும். திருமணத்தை முன்னிட்டு அவசரமாக இதனை நாடும் இளைஞரும் நங்கையரும், ‘இதனைச் செய்தபின் பழைய நிலைக்கு மீள இயலுமா?’ என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

நோன்புக் காலத்தில் என் செய்வது?

மரப்பூசி போட்டுப் பல் எடுப்பதால் மட்டும் நோன்பு முறியாது. ஆயினும் குருதியோ நீரோ மருந்தோ விழுங்கப்படலாகாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. ஐயமுற்றோர் தம் ஊர் ஆலிமை வினவலாம். அவசரமில்லாத சிகிச்சையை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். முகவீக்கமும் காய்ச்சலும் கூடினால் தாமதித்தல் ஆகாது. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

மிஸ்வாக் நபிவழியில் வலியுறுத்தப்பட்ட ஒன்று. நோன்பாளி நண்பகலுக்குப் பின் அதனைப் பயன்படுத்துவது விரும்பத்தக்கதன்று என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஹனஃபி மத்ஹபினர் நாள் முழுவதும் ஆகும் என்பர். மிஸ்வாக்குக்குரிய மரம் நம் சங்க நூல்களில் ‘உகாய்’ எனக் குறிக்கப்படும் மரமே என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் போல இதுவும் பல்லைத் துலக்க வல்லது. எனினும் கடைவாய்ப்பற்களின் உட்புறமும் இடுக்குகளும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் துலக்குதல் காலையினும் இன்றியமையாதது. ஸஹர் உண்டபின் துலக்காமல் உறங்குவது பல்லுக்குப் பெருந்தீங்கு.

யாரும் கேளாத வினா

வெண்மையைப் பற்றிக் கேட்போர் பலர். பாக்கைப் பற்றிக் கேட்போர் சிலரே. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. பாக்குத்தூள் பொட்டலங்களை மெல்லும் இளைஞர்க்கு வாயின் உட்புறத் தசை இறுகி, வாய் திறப்பதே அரிதாகும் நிலை நேர்கிறது. இரு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, செந்திட்டு ஆகியவற்றுள் எது காணப்படினும், வலியில்லை என்று வாளா இருத்தலாகாது.

அச்சமும் ஆடம்பரமும் நீங்கிய இடத்தில் பல்லின் நலம் தொடங்குகிறது. நாளுக்கு இருமுறை துலக்குதல், இனிப்பை அளவோடு உண்ணுதல், வலிக்குமுன் மருத்துவரைக் காணுதல் ஆகிய மூன்றும் பெரும்பொருள் வேண்டாதவை. நலமான பல்லே அழகான பல். இறைவன் அருளிய இவ்வணிகலன் ஓர் அடைக்கலப் பொருள். அதனை மாசுறாமல் காத்துப் பேணுவது நம் அனைவரின் கடமையாகும்.