முகத்திற்கு அடிப்படை மண்டை ஓடே

சென்னையில் இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நான், விடுமுறையில் தீவுக்கு வந்திருந்தபோது, அன்னையார் மறைந்த தந்தையாரின் சிறு புகைப்படம் ஒன்றைத் தந்து, “இதைப் பெரிதாக வரைந்து கொடு, தம்பி” என்றார்கள். மூன்று இரவுகள் உழைத்தேன். கண்ணும் மீசையும் செவ்வனே அமைந்தன என்றே எண்ணினேன். அன்னையாரோ நெடுநேரம் நோக்கிவிட்டு, “சட்டை அவருடையதுதான், முகம் வேறு யாரோ” என்றார்கள்.

பிழை யாது? சென்னை திரும்பியதும் முதிய ஓவிய ஆசிரியர் ஒருவர் அதனை விளக்கினார். கண்களை நெற்றிப் பகுதியில் ஏற்றி வரைந்திருந்தேன். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவிலேயே கண்கள் அமைகின்றன. குழந்தைகளுக்கு அதனினும் தாழ்வாக அமையும். இதைக் கூறி, சுண்ண மாவினால் ஆகிய மண்டை ஓடு ஒன்றை என்முன் வைத்து, “முதலில் இதை வரையும்” என்றார்.

என் மனம் கூசியது. ஆயின், நாம் வாழும் இத்தீவுகளின் பழங்குடியினரான அந்தமானியர், முற்காலத்தில் இறந்த உறவினரின் மண்டை ஓட்டைக் கழுவி, வண்ணம் பூசி, கயிறு கட்டி அணிந்து வந்தனர். அவர்களுக்கு அஃது அச்சப் பொருளன்று; அன்பின் நினைவு.

மண்டை ஓட்டில் 22 எலும்புகள் உள்ளன. மூளையைக் காப்பன 8, முகத்திற்குரியன 14. அவற்றுள் அசைவது கீழ்த்தாடை ஒன்றே. கண்குழியின் அகலம், கன்ன எலும்பின் மேடு, தாடையின் கோணம் ஆகியவையே ஒருவரை மற்றொருவரினின்று வேறுபடுத்துகின்றன. பல் விழுந்த முதியவரின் முகம் குறுகுவதும் தாடை எலும்பு தேய்வதாலேயே. 1850-ஆம் ஆண்டில் சென்னை ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர் என்பதும் ஈண்டு நினையத் தக்கது.

கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த, ஏறத்தாழ 2,500 ஆண்டுகட்கு முந்தைய இரு ஆடவரின் மண்டை ஓடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் முகங்களை உருவாக்கினர். அவை 2025-இல் வெளியாயின. எலும்பு காட்டாத தோல் நிறம் முதலியவற்றை மட்டும் மதிப்பிட்டு அமைத்தனர்.

பல மாதங்கள் மண்டை ஓட்டையே வரைந்து பழகிய பின், தந்தையாரை மீண்டும் வரைந்தேன். தாடையை முதலில் அமைத்தேன். மீசையை இறுதியில் இட்டேன். அடுத்த விடுமுறையில் அப்படத்தைக் கண்ட அன்னையார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் அதன் கண்ணாடியை மெல்லத் துடைத்தார்கள்.

கடல் கடந்து வந்து குடியேறிய நம் பெரியோர் பலருக்கு நல்ல படம் ஒன்றேனும் இல்லை. அவர்கள் நம்முடன் இருக்கும்போதே நேர்முகமாக ஒன்றும், பக்கவாட்டில் ஒன்றுமாகப் புகைப்படம் எடுத்து வையுங்கள். நாளை வரையப் போகும் பேரனுக்கு அவை பெருந்துணையாகும்.