கேஷும் காசும்

கரமனைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை. "காசு எத்ரயாயி?" என்று மலையாளத்தில் கேட்கிறார் ஒருவர். "எவ்வளவு காசு ஆயிற்று?" என்று தமிழில் கேட்கிறார் அடுத்தவர். "கேஷாகத் தருகிறீர்களா?" என்று இருவரிடமும் வினவுகிறார் கடைக்காரர்.

காசு, கேஷ் என்னும் இரு சொற்களும் ஒலியாலும் பொருளாலும் ஒத்திருக்கின்றன. ஆகவே, ஆங்கிலக் 'கேஷ்' தமிழ்க் 'காசு' என்பதிலிருந்தே பிறந்தது எனப் பலர் பெருமையுடன் கூறுவர். அக்கூற்று பாதி உண்மையே. எந்தப் பாதி உண்மை என்பதை அறிவோம்.

ஆங்கில அகராதியில் 'கேஷ்' ஒரு சொல் அன்று. ஒரே உருவில் நிற்கும் இரு சொற்கள் ஆகும்.

முதலாவது, கையிலுள்ள ரொக்கத்தைக் குறிப்பது. இலத்தீன் மொழியில் 'கப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் 'காசா' எனவும், பிரெஞ்சு மொழியில் 'கெஸ்' எனவும் திரிந்தது. அவ்வழியே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தபோது, 'பணப்பெட்டி' என்னும் பொருளும் அதற்கு இருந்தது. பின்னர்ப் பெட்டியின் பெயர், அதனுள் இருக்கும் பணத்திற்கு ஆயிற்று. இதில் வியப்பு இல்லை. "இன்று கல்லாவில் எவ்வளவு?" என்று நம் கடைக்காரர்களும் கேட்பதுண்டு. கல்லா என்பது பெட்டி, கேட்பதோ பணத்தை! பணத்தைக் காக்கும் 'கேஷியர்' இக்குடும்பத்தவரே. ஆனால், படை அதிகாரியை இழிவுடன் பணிநீக்கம் செய்தலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினைச்சொல் வேறு வேரினது.

இரண்டாவது 'கேஷ்', சிறு நாணயத்தைக் குறிப்பது. இதுவே நம் காசு. 1498இல் கோழிக்கோட்டிற்கு வந்த போர்த்துக்கீசியர், பின்னர்த் தென்னாட்டுக் கடற்கரை எங்கும் வணிகம் செய்தனர். அவர்கள் 'காசு' என்பதைக் 'காய்ஷா' என எழுதினர். பெட்டியைக் குறிக்கும் சொல்லும் அவர்கள் மொழியில் அதே வடிவினதே. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று, ஏற்கெனவே தம்மிடம் இருந்த 'கேஷ்' போலவே ஒலித்தனர். சதுரத் துளையுடைய சீனச் செப்பு நாணயத்தையும் அப்பெயராலேயே அழைத்தனர். இவ்வாறு, நம் சொல் சீனநாட்டு நாணயத்திற்கும் பெயராயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்திற்காக இங்கிலாந்தில் காசுகளை அச்சடித்தது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809இல் இங்கிலாந்தின் கரையருகே மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 'கேஷ்' எனப் பொறித்த அக்காசுகள் பிற்காலத்தில் கடலிலிருந்து எடுக்கப்பட்டன.

கரமனை அடங்கிய திருவிதாங்கூரிலும் காசு வழங்கியது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்நாணயங்களில் 'கேஷ்' என்று ஆங்கிலத்திலும் பொறித்தனர். அக்காலக் கரமனைக் கடையில் பெட்டியில் பிறந்த 'கேஷ்', காசில் பிறந்த 'கேஷ்' இரண்டும் ஒரே கல்லாவில் கிடந்தன எனலாம்.

தமிழில் காசு மிகப் பழைய சொல். கிளியின் அலகில் உள்ள வேப்பம்பழத்தை, பொற்கொல்லன் நகநுனியில் பற்றிய பொற்காசுடன் ஒப்பிடுகிறது குறுந்தொகைப் பாடல் ஒன்று. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றும் 'காசு' என்பதே. குற்றம் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு.

ஒலி ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒரு சொல் எந்தக் காலத்தில், எவ்வழியாக, எப்பொருளில் வந்தது என்னும் மூன்றையும் ஆராய வேண்டும். நம் மொழிக்குப் பொய்ப்பெருமை வேண்டா. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்தில் நம் சொற்களாகவே வழங்குகின்றன. காசும் தன் பங்கிற்குச் சீனம்வரை சென்றிருக்கிறது. உரியதை மட்டும் உரிமை கொண்டாடுபவர் சொல்லையே பிறர் நம்புவர்.

பயிற்சி

அ) விடை எழுதுக.
1. இலத்தீனில் 'கப்சா' என்பதன் பொருள் யாது?
2. 'கல்லா' என்னும் சொல்லை ஆசிரியர் ஏன் எடுத்துக்காட்டுகிறார்?
3. ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு எத்தனை காசு? கணக்கிடுக.

ஆ) "கேஷ் என்பது தமிழ்ச்சொல்லே" என்று உன் நண்பன் கூறுகிறான். அவனுக்கு நீ கூறும் மறுமொழியை ஐந்து தொடர்களில் எழுதுக.

இ) உன் வீட்டிலும் மலையாளம் பேசும் நண்பர் வீட்டிலும் ஒன்றுபோல் வழங்கும் ஐந்து சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருள் ஒன்றா வேறா எனக் கேட்டு எழுதுக.