ஆபரேஷன் இல்லாமல் முதுகுவலி போகுமா? 'டிகம்ப்ரஷன்' சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"ஜவ்வு விலகியிருக்கு, ஆபரேஷன் வேண்டாம், மெஷின்லயே சரி பண்ணிடலாம்." இடுப்பு வலியோடு போகும் பலர் கேட்கும் வார்த்தை இது. 'ஸ்பைனல் டிகம்ப்ரஷன்' எனப்படும் இந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வலி எங்கிருந்து வருகிறது?

முதுகெலும்புகளுக்கு நடுவே குஷன் மாதிரி இருப்பவைதான் டிஸ்க் எனும் ஜவ்வுகள். வெளியே கெட்டியான வளையம், உள்ளே ஜெல் போன்ற பகுதி. வளையம் கிழிந்து ஜெல் பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால் வரை வலி இழுக்கும். இதுதான் சயாட்டிகா.

எப்படிச் செய்கிறார்கள்?

இரண்டாகப் பிரியும் மேஜையில் படுக்க வைத்து, மார்புக்குக் கீழேயும் இடுப்பிலும் பெல்ட் கட்டுவார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மெஷின் மெதுவாக இழுக்கும், பிறகு தளர்த்தும். ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம். பொதுவாக 5 முதல் 7 வாரங்களில் 20 தடவைக்கு மேல். டிஸ்க்குக்குள் அழுத்தம் குறைந்தால் பிதுங்கியது உள்ளே போகும் என்பதே கணக்கு. பிசியோதெரபியில் பல காலமாக இருக்கும் 'டிராக்‌ஷன்' முறையின் நவீன வடிவம்தான் இது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2013இல் காக்ரேன் அமைப்பு 32 ஆய்வுகளை அலசியது. டிராக்‌ஷனால் வலியில் பெரிய மாற்றம் இல்லை என்பதே முடிவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016லும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார அமைப்பு 2023லும் டிராக்‌ஷனைப் பரிந்துரைக்கவில்லை. கம்ப்யூட்டர் மெஷினைத் தனியாகச் சோதித்த ஆய்வுகள் குறைவு, பெரும்பாலும் சிறியவை.

அப்போ சிலருக்குக் குணமாவது எப்படி?

இங்கேதான் விஷயமே இருக்கு. ஜவ்வு பிதுங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலேயே வலி குறைந்துவிடும். பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்குவதும் உண்டு. மெஷின் சிகிச்சை நடப்பதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். அதனால் குணமாக்கியது மெஷினா, உடம்பா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

யாருக்கு இது கூடாது?

கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானமான ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள், முதுகெலும்பில் முறிவு, கட்டி, தொற்று அல்லது உலோகப் பொருத்தம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு!

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பு, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலம் குறைவது ஆகியவை அவசர அறிகுறிகள். இதற்கு மெஷின் தீர்வல்ல. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளைத் தொடருங்கள். மொத்த பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால், "இது இல்லாமல் ஆறு வாரம் பார்த்தால் என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்து முடிவெடுங்கள்.