நானாவின் பழைய மடிக்கணினி

நானா கட்டாருக்குப் போகும்போது விட்டுச் சென்ற மடிக்கணினிக்குப் பத்து வயதுக்கு மேல். நினைவகம் 2 ஜிபிதான். வின்டோஸ் திறந்து வருவதற்குள் உம்மா தேநீர் ஊற்றித் தந்துவிடுவார். "உதிரிப் பாகங்களுக்குத்தான் சரிவரும்" என்றார் திருத்துபவர். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எனக்கோ பைதன் எழுதிப் பழக ஒரு கணினி வேண்டும். புதிது கேட்டு வாப்பாவைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

லினக்ஸ், 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. சரியாகச் சொன்னால், லினக்ஸ் என்பது வன்பொருளோடு பேசும் கேர்னல் மட்டுமே. நாம் பார்க்கும் சாளரம், பட்டி, சின்னங்கள் எல்லாம் அதன் மேல் தனித்தனியாக வந்து சேரும் மென்பொருள்கள். வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இதை நம்பித்தான் இறங்கினேன்.

முதலில் நானாவின் நிக்காஹ் படங்களை பென்ட்ரைவில் பிரதி எடுத்தேன். வன்தட்டு முழுவதும் அழியப் போகிறது என்றதும் உம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டச் சொன்னார். அது நியாயம்தான். பிறகு டெபியனின் சிறிய நிறுவல் கோப்பை இன்னொரு பென்ட்ரைவில் எழுதி, வாப்பாவின் போனை வயரால் இணைத்து இணையம் எடுத்தேன். நிறுவும்போது, எந்த டெஸ்க்டொப் வேண்டும் என்று ஓரிடத்தில் கேட்கும். எல்லாத் தெரிவுகளையும் நீக்கி, அடிப்படைக் கருவிகளை மட்டும் விட்டேன்.

மீள ஆரம்பித்ததும் கறுப்புத் திரை. பயனர் பெயர் கேட்கும் ஒரேயொரு வரி. "ராத்தா உடச்சிட்டா!" என்று தம்பி வாப்பாவிடம் ஓடினான்.

அங்கிருந்து எல்லாம் கட்டளைகள்தான். திரையில் வரைவதற்கு எக்ஸ்ஓர்க், சாளரங்களை நகர்த்த ஓபன்பொக்ஸ், கீழே கடிகாரமும் பட்டியும் காட்ட டின்ட்2. இவற்றை நிறுவி 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினேன். வெறுந்திரையில் சுட்டியின் அம்புக்குறி மட்டும் வந்தது. அரை மணித்தியாலம் பிழை தேடினேன். பிழையே இல்லை, ஓபன்பொக்ஸ் அப்படித்தான். சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிகிறது. டின்ட்2உம் தானாக வராது. ஓபன்பொக்ஸ் தொடங்கும்போது வாசிக்கும் கோப்பில் அதன் பெயரை நாம்தான் எழுத வேண்டும். தமிழ்ப் பக்கங்கள் வெறும் சதுரங்களாகத் தெரிந்தன. லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவிய பிறகே எழுத்துகள் வந்தன.

இரண்டு இரவுகள் போயின. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் தயாராக வரும் இலகுவான டெஸ்க்டொப் ஒன்றை நிறுவிக்கொள்வதே நல்லது. எதையும் திறக்காதபோது இப்போது 200 எம்பிக்குச் சற்று மேல்தான் நினைவகம் செலவாகிறது. உலாவியில் ஐந்தாறு பக்கம் திறந்தால் திணறத்தான் செய்கிறது. ஆனால் பைதன் உடனே ஓடுகிறது. உம்மாவின் படங்களும் திரும்ப உள்ளே வந்துவிட்டன.

ஒலியைக் கூட்டும் பொத்தான் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதற்கும் ஒரு கோப்பில் எழுத வேண்டும். பரீட்சை முடியட்டும்.