கங்கு நுழையும் வழி

கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் 2018 நவம்பரில் எரிந்த பிறகு எடுத்த படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தும். தெருவுக்குத் தெரு வீடுகள் சாம்பலாகிக் கிடக்கின்றன. செங்கல் புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சாம்பலுக்குப் பக்கத்திலேயே பைன் மரங்கள் பச்சை மாறாமல் இருக்கின்றன. காட்டுத்தீ வந்து ஊரை விழுங்கியது என்றால் முதலில் மரமல்லவா எரிந்திருக்க வேண்டும்?

பெரும்பாலான வீடுகளுக்கு நெருப்பு வைத்தவை காற்றில் பறந்து வந்த கங்குகள். எரியும் மரப்பட்டை, பைன் காய், சுள்ளி எல்லாம் உடைந்து, சூட்டில் மேலெழும் காற்றோடு ஏறி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். விழுந்த இடத்தில் சருகு இருந்தால் போதும். ஒரு வீடு பற்றிவிட்டால் அதன் வெப்பத்தில் பக்கத்து வீடு பற்றும். அங்கிருந்து கிளம்பும் கங்குகள் அடுத்த தெருவுக்குப் போகும். ஈரம் நிறைந்த பச்சை மரம் தாங்கிக்கொண்ட இடத்தில், உலர்ந்த மரத்தால் கட்டிய வீடு தாங்கவில்லை.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய விஞ்ஞானி ஜாக் கோஹன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். 1990களின் இறுதியில் கனடாவின் வடபகுதியில் ஒரு காட்டை வேண்டுமென்றே எரித்து நடத்திய சோதனைகளில், காட்டின் ஓரத்தில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். காட்டிலிருந்து 10 மீட்டரில் இருந்த சுவர்கள் சில தடவை பற்றின. 30 மீட்டரில் இருந்தவை பற்றவில்லை. மர உச்சி வரை எழும் பெருந்தீ ஓரிடத்தில் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அதற்குள் தூரத்துச் சுவர் பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆகவே, வீடு பிழைக்குமா என்பதை அந்த வீடும் அதைச் சுற்றியுள்ள 30 மீட்டரும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒரு குடும்பம் தன் கையால் செய்யக்கூடியது இவ்வளவு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது.

அந்த 30 மீட்டரிலும் முக்கியமானது சுவரை ஒட்டிய முதல் ஐந்தடி. அழகுக்காகப் பரப்பிய மரச்சீவல், சன்னலுக்கடியில் வளர்த்த புதர், சுவரில் சாய்த்த விறகு, வாசலில் கிடக்கும் நார் மிதியடி, வீட்டோடு முட்டி நிற்கும் மர வேலி எல்லாமே கங்குக்குத் தீனி. இவற்றை எடுத்துவிட்டுச் சரளைக்கல் பரப்பினால் விழும் கங்கு அங்கேயே அணைந்துபோகும். கூரை விளிம்பில் மழைநீர் வடியும் பீலியில் ஓர் ஆண்டின் சருகு சேர்ந்திருக்கும். கோடை முடிவதற்குள் அதை வழித்தெடுக்க வேண்டும்.

காற்றுத் துளைகளைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்க மரவீடுகளில் இறவாரத்துக்கு அடியிலும் பரணின் பக்கச் சுவரிலும் காற்றோட்டத்துக்குத் துளைகள் வைத்து, எலி புகாமல் வலை அடித்திருப்பார்கள். பழைய வீடுகளில் அந்த வலையின் கண் கால் அங்குலம். எலியைத் தடுக்கும், கங்கைத் தடுக்காது. பலத்த காற்று வீசும்போது அந்தத் துளையே ஊதுகுழல் மாதிரி வேலை செய்து, கங்கை உள்ளே தள்ளி, கனலவும் வைக்கும். பரணில் இருப்பதோ காய்ந்த மரச்சட்டமும் அட்டைப் பெட்டிகளும். வெளியே ஒரு புல்கூடக் கருகாத வீடு உள்ளிருந்து எரிவது இப்படித்தான். எட்டில் ஒரு பங்கு அங்குலமோ அதைவிடச் சிறியதோ கண் உள்ள உலோக வலையை மாற்றி அடிப்பது அதிகம் செலவில்லாத வேலை.

வீட்டைப் பற்றிய பேச்சு இதோடு போதும்; ஆட்கள் முக்கியம். 2018 நவம்பர் 8 காலை 6.30 மணி வாக்கில், பாரடைஸுக்குக் கிழக்கே, ஏறக்குறைய நூறு வயதான மின்கம்பிக் கொக்கி ஒன்று அறுந்து தீ தொடங்கியது. 8 மணிக்கெல்லாம் ஊரின் கிழக்குப் பகுதி எரிந்துகொண்டிருந்தது. சுமார் 26,000 பேர் வசித்த மலை ஊர். கீழே இறங்க விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சாலைகள். இறந்தவர்கள் 85 பேர், பெரும்பாலும் முதியவர்கள். நடக்க முடியாதவர்கள், கார் ஓட்டாதவர்கள், தகவலே போய்ச் சேராதவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

கலிபோர்னியாவில் ‘வெளியேற்ற எச்சரிக்கை’ என்றால் கிளம்பத் தயாராகு, ‘வெளியேற்ற உத்தரவு’ என்றால் உடனே போ. உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள ஆல்டடீனாவில் நடந்தது தெரிய வேண்டும். 2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் தீ மூண்டது. சாண்டா ஆனா எனும் வறண்ட காற்று அவ்வளவு கடுமையாக வீசியதால் தீயணைப்பு விமானங்கள் பறக்க முடியவில்லை. ஊரின் நடுவே ஓடும் லேக் அவென்யூ சாலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகு. அந்தத் தீயில் இறந்த 19 பேரில் மிகப் பெரும்பாலானோர் அந்த மேற்குப் பக்கத்தவர்கள். என்னைக் கேட்டால், வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் எச்சரிக்கையையே உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். தீ அருகில் தெரிந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். ஈரப்பதம் குறைந்து காற்று பலக்கும் நாட்களுக்கு வானிலைத் துறை ‘சிவப்புக் கொடி’ எச்சரிக்கை தரும். அன்றிரவு காரில் பெட்ரோலும் கைபேசியில் சார்ஜும் நிறைந்திருக்கட்டும். காரின் முகம் தெருவைப் பார்த்து இருக்கட்டும்.

சிறிய விஷயங்கள் உயிரைப் பறிக்கும். 2017 அக்டோபரில் வடக்குக் கலிபோர்னியாவில் தீ பரவியபோது மின்சாரம் போனதால் தானியங்கிக் கராஜ் கதவுகள் திறக்கவில்லை. உள்ளே கார் இருந்தும் சிலரால் வெளியேற முடியவில்லை. அதன் பிறகுதான், 2019 ஜூலை முதல் விற்கும் கதவு இயந்திரங்களில் பேட்டரி கட்டாயம் என்று மாநிலம் சட்டம் போட்டது. பழைய இயந்திரம் என்றால் மேலே தொங்கும் சிவப்புக் கயிறை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்கலாம். வீட்டில் எல்லோரும், பதின்வயதுப் பிள்ளைகளும், ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.

தூக்கிக்கொண்டு ஓடும் பை ஒன்று கதவருகே இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மாத்திரைகளும் மருந்துச்சீட்டும், கண்ணாடி, என்95 முகக்கவசம், கொஞ்சம் ரொக்கம். ஓர் உறையில் பாஸ்போர்ட், விசாத் தாள்கள், பிறப்புச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம். அறை அறையாகச் சென்று அலமாரிகளைத் திறந்து ஒரு வீடியோ எடுத்து இணையத்தில் சேமித்துவிட்டால், பின்னால் காப்பீட்டுக்காரர் கேட்கும்போது எது இருந்தது என்று நினைவை வருத்திப் பட்டியல் போட வேண்டியதில்லை. கிளம்பும்போது சன்னல்களைச் சாத்தி, விளக்குகளை எரியவிட்டுப் போகச் சொல்கிறார்கள். புகைக்கு நடுவே தீயணைப்பு வீரர்களுக்கு வீடு தெரியும். தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போகக் கூடாது. அவர்களுக்கு வேண்டிய நீரழுத்தம் குறைந்துவிடும்.

இந்த மாநிலத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுக்கக் காட்டுத்தீப் புகையால் பகலே ஆரஞ்சு இருட்டானதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா அப்பாவை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பகலில் மகளும் மருமகனும் அலுவலகத்தில். வீட்டில் கார் ஓட்டத் தெரியாத இருவரும் பேத்தியும். கைபேசி என்றால், கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கைச் சேவையில் பதிந்த எண்களுக்குத்தான் அந்தச் சேவையின் அழைப்பு போகும். அவர்கள் கைபேசி எண்ணையும் பதியுங்கள். உத்தரவுகள் மண்டல எண் சொல்லி வருவதால், உங்கள் மண்டல எண்ணையும் முழு முகவரியையும் பெரிய எழுத்தில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அவர்களை ஏற்றிச் செல்லப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். உயிராபத்து என்றால் 911. ஆங்கிலம் தடுமாறினால் ‘தமிழ்’ என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

211 வேறு. முகாம் எங்கே, மருந்து தீர்ந்துவிட்டது என்ன செய்வது, தங்க இடம் உண்டா என்ற கேள்விகளுக்கான எண் அது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாமுக்குள் விட யாரும் விசாவைக் கேட்பதில்லை. உணவும் படுக்கையும் எல்லோருக்கும் உண்டு. ஜனாதிபதி பேரிடராக அறிவித்தால், ஃபீமா எனும் மத்திய அமைப்பிடம் 1-800-621-3362 என்ற எண்ணில் பண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். காப்பீடு தரும் தொகைக்கு அது மறுபடி தராது என்பதால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிக்கை வையுங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. ஆனால் அதே வீட்டில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்றால், பிள்ளையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. நமக்கு ஒன்றும் கிடையாது என்று தாங்களே முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம். பிள்ளையின் சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள். அந்த அட்டையின் நகலையும் உறையில் சேர்த்து வையுங்கள்.