கிணற்று நீர்மட்டமும் கணினி விளக்கப்படமும்

பல்லடம் வட்டாரத்தில் நீரைப் பற்றிப் பேசாத கிராம சபைக் கூட்டம் இல்லை எனலாம். நொய்யல் ஆறு நமக்கு வடக்கே திருப்பூர் வழியாகச் சென்றுவிடுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசன நீர் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துப் பங்கிடப்படுவதால், தம் மண்டலத்தின் முறை வரும்வரை குடியானவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எஞ்சியிருப்பது நிலத்தடி நீர். அதுவும் கடும்பாறையின் வெடிப்புகளில் தங்கி நிற்கும் நீராதலால், ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டுத் தேடுவோர் நம்மிடையே உண்டு. தோட்டம், கறிக்கோழிப் பண்ணை, விசைத்தறித் தொழிலாளர் குடியிருப்பு, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி ஆகிய யாவும் இந்த ஒரே சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவிடுகின்றன.

ஆகவே, கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, கணினியில் பதிந்து, விளக்கப்படமாக்கிக் கிராம சபையில் காட்டுவது மிகவும் பயனுள்ள காரியம். எழுத்தர் ஏட்டில் இருந்த எண்கள் திரையில் கோடாகவும் பட்டையாகவும் தோன்றும்போது, படிப்பறிவு குறைந்தவரும் நிலைமையை உணர்ந்துகொள்ள முடிகிறது. வாணிப நிறுவனங்கள் விற்பனைக் கணக்கைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளும் 'டாஷ்போர்டு' என்னும் தகவல் பலகையும் இதே முறையில் அமைந்ததுதான்.

எண்களைப் படமாக்கும் இம்முறை புதியதன்று. ஸ்காட்லாந்து நாட்டினரான வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786ஆம் ஆண்டிலேயே ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து நூலாக வெளியிட்டார். அவர் ஒவ்வொரு கோட்டையும் தாமே யோசித்து வரைந்தார். இன்றோ, பொத்தானை அழுத்தியவுடன் மென்பொருள் தானே வரைந்துவிடுகிறது. கோடு எங்கே தொடங்குவது, எந்தத் திசையில் ஏறுவது, விடுபட்ட எண்ணை என்ன செய்வது என்பவற்றையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது. ஆனால் கிணற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எண்கள் சரியாயிருந்தும் படம் தவறான பொருளைத் தருமானால், ஒரு குடும்பம் கடன் வாங்கி ஆழ்குழாய் இறக்கவும், ஊராட்சி வேண்டாத இடத்தில் பணத்தைச் செலவிடவும் அது காரணமாகிவிடும். ஆதலால், அமைப்பில் கவனிக்க வேண்டிய ஐந்து செய்திகளைக் கீழே விளக்குகிறோம்.

1. மேலா, கீழா?

நீர்மட்டத்தை நாம் தரையிலிருந்து கீழ்நோக்கி அளக்கிறோம். ஒரு கிணற்றில் ஜனவரியில் 40 அடி, மே மாதத்தில் 62 அடி, ஆகஸ்டில் 70 அடி, நவம்பரில் 45 அடி ஆழத்தில் நீர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கோடையில் நீர் இறங்கியது. ஐப்பசி மழைக்குப் பின் ஏறியது என்பது இதன் பொருள். ஆனால் மென்பொருள், பெரிய எண்ணை மேலேயும் சிறிய எண்ணைக் கீழேயும் வைத்தே வரையும். எனவே, கோடு ஆகஸ்டு வரை ஏறி நவம்பரில் இறங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர், கோடையில் நீர் பெருகி மழைக்குப் பின் வற்றியதாக எண்ணிவிடுவார்.

இதற்குப் பரிகாரம் எளிது. எக்செல் மென்பொருளில் இடப்பக்கத்து எண்களின் மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'ஃபார்மட் ஆக்சிஸ்' என்பதைத் திறந்து, 'வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளில், அதே எண்வரிசையின் 'ஸ்கேல்' பக்கத்தில் 'ரிவர்ஸ் டைரக்ஷன்' என்று இருக்கும். இவ்வாறு செய்தபின் பூஜ்யம் படத்தின் உச்சிக்குச் சென்றுவிடும். அதுவே தரைமட்டம். கிணற்றில் நீர் இறங்கினால் படத்திலும் கோடு இறங்கும்.

2. வறண்ட கிணறும் பூஜ்யமும்

கிணறு வறண்டுவிட்ட மாதத்தில், 'நீர் இல்லை' என்ற கருத்தில் சிலர் 0 என்று பதிகிறார்கள். ஆழக் கணக்கில் 0 என்றால் நீர் தரைமட்டத்தில் நிற்கிறது என்று பொருளாகும். அடியில் சேறு காய்ந்து கிடக்கும் கிணறு, படத்தில் வாய்வரை நிரம்பி வழியும்.

எனவே, வறண்ட மாதத்தின் கட்டத்தைக் காலியாக விட்டு, அருகிலுள்ள குறிப்புப் பத்தியில் 'வறட்சி. கிணற்றின் ஆழம் 75 அடி' என்பது போல எழுத வேண்டும். காலிக் கட்டத்தை மென்பொருள் எவ்வாறு வரைய வேண்டும் என்பதற்கும் அமைப்பு உண்டு. எக்செலில் 'செலக்ட் டேட்டா' என்பதன் உள்ளே 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்பதைத் திறந்தால் மூன்று வழிகள் தோன்றும். இடைவெளி விடுவது ஒன்று. பூஜ்யமாகக் கொள்வது மற்றொன்று. இரு பக்கத்துப் புள்ளிகளையும் கோட்டால் இணைப்பது மூன்றாவது. இவற்றுள் இடைவெளி விடும் 'கேப்ஸ்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோடு அறுபட்டிருப்பதைக் கண்டு, "அந்த மாதம் என்ன ஆயிற்று?" என்று சபையில் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதே நமது நோக்கம்.

3. மாதங்களின் இடைவெளி

எல்லாக் கிணறுகளையும் மாதந்தோறும் அளக்க இயலாத ஊர்களில், ஆண்டுக்கு நான்கு முறை அளந்தாலும் பயன் உண்டு. ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் என்று அளப்பதாகக் கொள்வோம். ஜனவரிக்கும் மே மாதத்திற்கும் நான்கு மாத இடைவெளி. நவம்பருக்கும் ஜனவரிக்கும் இரண்டு மாதம். மாதப் பெயர்களை வெறும் எழுத்தாகப் பதிந்தால், மென்பொருள் நான்கையும் சம தூரத்தில் வைத்துவிடும். இரண்டு மாதத்தில் விரைவாக இறங்கிய நீரும், நான்கு மாதத்தில் மெதுவாக இறங்கிய நீரும் ஒரே வேகத்தில் இறங்கியதாகத் தோன்றும். ஆகையால், அளந்த நாளை முழுத் தேதியாகப் பதிந்து, எக்செலின் 'ஃபார்மட் ஆக்சிஸ்' பகுதியில் 'டேட் ஆக்சிஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்

இரண்டு கிணறுகளின் படங்களை அருகருகே வைக்கும்போது, மென்பொருள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அளவுகோலை அமைத்துவிடும். ஆண்டில் 5 அடி மட்டுமே ஏறி இறங்கிய கிணறும், 50 அடி ஏறி இறங்கிய கிணறும் ஒன்றுபோலக் காட்சியளிக்கக் கூடும். எந்தப் பகுதிக்கு முதலில் உதவி தேவை என்பது அப்படங்களிலிருந்து விளங்காது. 'மினிமம்', 'மாக்சிமம்' என்னும் இரு கட்டங்களிலும் எல்லாப் படங்களுக்கும் ஒரே எண்களை நாமே இட வேண்டும்.

பட்டைப் படங்களில் மற்றொரு விதியும் உண்டு. பல்லடத்தில் அறிவிக்கப்படும் கறிக்கோழிப் பண்ணை விலையைப் பலரும் நாள்தோறும் கவனிப்பதால், அதையே உதாரணமாகக் கொள்வோம். விலை கிலோவுக்கு 100 ரூபாயிலிருந்து 96 ரூபாய்க்கு இறங்கியது என்றால், குறைவு நூற்றுக்கு நான்கு. பட்டைகளை 94 ரூபாயில் தொடங்கி வரைந்தால், ஒரு பட்டை 6 பங்கும் மற்றது 2 பங்கும் உயரமாயிருக்கும். விலை மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிட்டதாகப் பார்ப்பவர் கலங்குவார். பட்டையின் நீளமே அளவைக் காட்டுவதால், பட்டைப் படம் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும். கோட்டுப் படத்திற்கு இக்கட்டாயம் இல்லை. எனினும் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

5. எழுத்தும் நிறமும்

அரசு அறிக்கைகளில் நீர்மட்டம் மீட்டரில் இருக்கும். நம் குடியானவர்கள் அடியில் பேசுவார்கள். ஒரு மீட்டர் என்பது 3.28 அடி. 20 மீட்டர் என்ற எண்ணை அலகின்றி எழுதினால், ஏறக்குறைய 66 அடி ஆழத்திலுள்ள நீரை 20 அடியில் இருப்பதாக எண்ணுவர். எனவே தலைப்பில் கிணற்றின் பெயர், 'தரையிலிருந்து ஆழம், அடியில்' என்ற குறிப்பு, அளந்த காலம் ஆகிய மூன்றும் தமிழில் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும்.

சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர் எல்லா ஊர்களிலும் உண்டு. அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பிரதியோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே அச்சாகிறது. நிறத்தை மட்டும் நம்பாமல், ஒரு கோட்டைத் தொடர்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் அமைத்து, கோட்டின் நுனியிலேயே அதன் பெயரை எழுதிவிடுவது நல்லது.

அளவு சரியாயிருந்தால்தான் படம் சரி

எவ்வளவு நன்றாக அமைத்தாலும், தவறாக அளந்த எண்ணைப் படம் திருத்தாது. காலையில் மோட்டார் ஓடுவதற்கு முன், அதே கிணற்றில், அதே இடத்திலிருந்து கயிறு விட்டு அளக்க வேண்டும். இறைத்த உடனே அளந்தால், இறங்கிய மட்டமே பதிவாகும்.

மேலும், ஒரு படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதையும் உறுப்பினர்கள் கேட்டறிய வேண்டும். ஜல் ஜீவன் இயக்கம் 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்டது. அதன் தகவல் பலகையில் குழாய் இணைப்புப் பெற்ற வீடுகளின் விகிதத்தைக் காணலாம். எல்லா வீடுகளுக்கும் இணைப்பு உண்டு என்று அது காட்டுவதால், அவ்வியக்கத்தின் அளவான நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரைத் தரும் ஆற்றல் கிணற்றில் உண்டு என்று பொருளாகாது. அதைச் சொல்வது நீர்மட்டப் படமே.

கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலக நீர் தினம். அதற்கு ஒரு வாரம் முன்னரே ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகள் சிலரும் ஒன்றாக அமர்ந்து, மேற்கூறிய ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்வது நலம். கணினியறியாத ஒரு குடியானவரிடம் படத்தைக் காட்டி, "இதில் நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடை கிணற்றின் உண்மையோடு பொருந்தினால், அந்தப் படத்தைச் சபையில் வைக்கலாம். பொருந்தாவிடின், திருத்தப்பட வேண்டியது படத்தின் அமைப்பே.